தூக்கத்தில் ஒரு மிதி

காலை ஷிப்ட் விட்டு, பெண்கள் வரிசை கேட்டருகே ஊர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொருத்தியின் பையையும் செக்யூரிட்டி சென்னம்மா திறந்து, டிபன் பாக்ஸைக்கூட விடாமல் ஆட்டிப் பார்த்தாள். அத்திப்பள்ளிப் பக்கத்துக்காரி, பேசும் தமிழில் பாதி கன்னடம். வினோதாவின் டிபன் பாக்ஸை ஆட்டியபோது உள்ளே கடகடவென்று ஏதோ உருண்டது.

"ஏனம்மா இது? சோறா, கல்லா?"

மூடியைத் திறந்தால், பத்து ரூபாய் நாணயம் அளவில் தடித்த இரும்பு வில்லை ஒன்று. பிரஸ் மிஷினில் தகட்டில் ஓட்டை விழும்போது கீழே உதிர்கிற துண்டு. ஸ்கிராப் தொட்டியில் குவியல் குவியலாகக் கிடக்கும், யாரும் சீந்தமாட்டார்கள். இருந்தாலும் கம்பெனி இரும்பு கம்பெனி இரும்புதான். சென்னம்மா அவளை வரிசையிலிருந்து தனியே நிறுத்தினாள்.

வினோதா உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் அந்த உண்மை திருட்டைவிட மோசம்.

ஜவளகிரியிலிருந்து வந்து, மூக்கண்டப்பள்ளியில் தோழி தஸ்லிமோடு ஒரே அறையில் தங்கி, இங்கே டிரெய்னியாகச் சேர்ந்து வருஷம் ஆகப்போகிறது. பெர்மனென்ட் ஆக்குவார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பது அடுத்த மாதம் தெரிந்துவிடும். இந்த நேரம் பார்த்துத் தூக்கம் அவளுக்குப் பகையாகிவிட்டது. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி, ஒரு வாரம் மதியம். படுத்துக் கண் சொக்கியதும் மண்டைக்குள் பிரஸ் இறங்கியது மாதிரி 'டம்' என்று ஒரு சத்தம் கேட்கும். யாரோ மாடியிலிருந்து தள்ளிவிட்டதுபோல் உடம்பு தூக்கிப் போடும். தகட்டை வைத்துக் கையை எடுத்ததும் பெடலை மிதித்துப் பிரஸ்ஸை இறக்குகிற அந்த வலது கால் தானாக ஒரு மிதி மிதிக்கும். ஒரு நாள் பக்கத்தில் படுத்திருந்த தஸ்லிம் நன்றாக உதை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"இது வலிப்புதான்டி. எங்க மாமாவுக்கு இப்பிடித்தான் வரும். கையில இரும்பு குடுத்தா நின்னுடும்" என்றாள்.

அறையில் இரும்பென்று எதுவும் இல்லை. சாவி பித்தளை, பாத்திரமெல்லாம் எவர்சில்வர். கத்தியைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற தைரியம் இரண்டு பேருக்குமே இல்லை. நாளெல்லாம் இரும்போடு மாரடிக்கிறவளுக்கு ஒரு துண்டு இரும்புக்கா பஞ்சம் என்றுதான் வினோதா அந்த வில்லையை எடுத்தாள்.

எச்.ஆர். அதிகாரி கோபி வில்லையை மேஜைமேல் சுழற்றிவிட்டார்.

"எதுக்கு எடுத்த? திருட்டுனு எழுதிடட்டுமா?"

வாசலில் காத்திருந்த தஸ்லிமுக்குப் பொறுக்கவில்லை. பேக்கிங் செக்‌ஷன்காரி, அந்த அறைக்குள் ஒரு நாளும் கால் வைத்தவள் இல்லை. அன்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அவ திருடி இல்ல சார். அல்லா மேல ஆணையா. அவளுக்கு வலிப்பு வருது. கையில புடிச்சினு தூங்கறதுக்குத்தான் எடுத்தா."

காப்பாற்றத்தான் வந்தாள், பாவம். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கோபி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். திருட்டாக இருந்திருந்தால் நாலு அதட்டலோடு விட்டிருப்பார்.

"வலிப்பா? நாளைக்கு மிஷினுக்குள்ள கை போனா யாரு பதில் சொல்றது? வலிப்பு இல்லனு டாக்டர்கிட்ட எழுதி வாங்கினு வா. அதுவரைக்கும் கேட்டுக்குள்ள வராத."

மறுநாள் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி பெஞ்சில் வினோதாவுக்குப் பக்கத்தில் தஸ்லிம் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். வினோதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ எதுக்கு வந்த?"

"கெடுத்தவ நான்தானே. திட்டறதுனா திட்டிக்க."

திட்டுவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே இருந்த டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். நாக்கைக் கடித்துக்கொள்கிறாயா? துணி நனைகிறதா? நினைவு தப்புகிறதா?

"இல்ல மேடம். தூக்கிப் போட்ட ஒடனே முழிச்சிக்கறேன். இவ திட்டறதுகூடக் காதுல விழும்."

டாக்டர் சிரித்துவிட்டார். சந்தேகம் வேண்டாமென்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, தலையில் ஒயர் மாட்டி ஒரு டெஸ்டும் எடுக்க வைத்தார். அதிலும் ஒன்றும் இல்லை.

"வலிப்பும் இல்ல, பேயும் இல்ல. தூக்கம் புடிக்கிற நேரத்துல உடம்பு துள்றது, சத்தம் கேக்கறது, கீழ விழற மாதிரி இருக்கறது, இதெல்லாம் நிறையப் பேருக்கு வரும்மா. நைட் டூட்டி பாத்தா எனக்கே வரும். தூக்கம் கெட்டா ஜாஸ்தியாவும். வாராவாரம் ஷிப்ட மாத்தாதீங்கனு எழுதித் தரேன், கம்பெனில குடு."

வெளியே வந்ததும் வினோதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நடுரோட்டில் தஸ்லிமைக் கட்டிக்கொண்டாள். தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியதுபோல் இருந்தது. இருவரும் ஆளுக்கொரு மாம்பழ ஜூஸ் குடித்தார்கள். ஐஸ் பல்லில் கூசியதற்குக்கூடச் சிரித்தார்கள்.

கோபி டாக்டர் எழுதியதை இரண்டு தடவை படித்தார்.

"அப்ப நோய் ஒண்ணும் இல்ல?"

"இல்ல சார்."

"நோயே இல்லனா ஷிப்ட் எதுக்கு மாறாம இருக்கணும்? போய் மிஷின்ல நில்லு. அடுத்த வாரம் உனக்கு நைட்."

"சரி சார். தேங்க்ஸ் சார்" என்றாள் வினோதா. நிஜமாகவே நன்றியாகத்தான் சொன்னாள். மிஷின் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது, அது போதும்.

இதுவரை கம்பெனி பஸ்ஸில் இடம் இருந்தாலும் அவள் உட்காரமாட்டாள். கண் அசந்து கால் துள்ளினால் யாராவது பார்த்துவிடுவார்களே என்று, கம்பியைப் பிடித்தபடி நின்றே வருவாள். அன்று ஷிப்ட் விட்டதும் தஸ்லிமுக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக ஜம்மென்று உட்கார்ந்தாள். ஜூஜுவாடியில் லாரிகளுக்கு நடுவே பஸ் நின்றபோது, மத்தியான வெயிலில் எல்லாரும் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

முன் சீட்டுக்காரியின் வலது கால் தரையை ஒரு மிதி மிதித்தது. அந்தப் பக்கம் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் இன்னொரு கால்.

"ஏய் தஸ்லிம், பாருடி! எல்லாத்துக்கும் இருக்குதுடி!"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். எதிர் வரிசையில் முனிலட்சுமி அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். பிரஸ் ஷாப்பில் எல்லாரையும்விடப் பழைய ஆள். அவளுடைய காலும் மிதித்தது. மிதித்த அதே நொடியில் மடியிலிருந்த கைகள் இரண்டும் வெடுக்கென்று பின்னால் வந்து நெஞ்சோடு ஒட்டிக்கொண்டன. வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான் இருந்தன.

அக்கா விழிக்கவில்லை. கைகள் மெதுவாக மடிக்கு இறங்கின. கால் மறுபடியும் மிதித்தது.