நாற்காலியைத் திருப்பியவள்

முடிவெட்டுகிறவருக்கு வாழ்க்கைப்பட்டவள் கத்தியைக் கண்டு பயப்படலாமா? நான் பயந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் இல்லாத பயம், அவருக்குக் காது கெட்ட பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

கேட்கிற காது இல்லை. அது நன்றாகத்தான் கேட்கும். சமையலறையில் நான் முணுமுணுக்கிற வசவு ஒன்றுகூடத் தப்பாது. ஒரு சளிக்காய்ச்சல் விட்ட கையோடு காலையில் கட்டிலை விட்டு எழுந்தவர், "ஐயோ, வீடே சுத்துது, பிடி என்னைய!" என்று அலறிக்கொண்டு அலமாரியில் மோதி விழுந்தார். வாந்தியான வாந்தி. டாக்டர் பார்த்துவிட்டு, இடது காதுக்குள்ளே உடம்பைச் சாயாமல் வைத்திருக்கிற நரம்பு வீங்கிவிட்டது என்றார். சுற்றல் சில நாளில் அடங்கிவிட்டது. ஆனால் தலையைச் சட்டென்று திருப்பினால் ஆள் இன்னும் இடப்பக்கம் சாய்ந்தார்.

கடையை எத்தனை நாள் பூட்டி வைப்பது? வேறு பிழைப்பு கிடையாது, திறந்தோம். துணைக்கு நானும் கடையில் நின்றேன். அன்றைக்கே ஒரு வாத்தியாருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர், மறுகன்னத்துக்குப் போகத் திரும்பும்போது தடுமாறினார். கத்தி வாத்தியாரின் தாடையை ஒட்டிக் காற்றில் போனது. மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு சுகமாகச் சாய்ந்திருந்தார். நான் ஓடிப்போய் இவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே நின்ன இடத்துல நில்லுங்க. அசையவே கூடாது. நாற்காலிய நான் திருப்புறேன்" என்றேன்.

அப்படியே செய்தோம். சுழல் நாற்காலிதானே! அவர் கண்ணைக் காட்டுவார், நான் ஆளோடு சேர்த்துத் திருப்புவேன். "என்ன அண்ணி, ராட்டினம் ஓட்டுறீங்களா?" என்று ஒரு பெயிண்டர் கேலி செய்தார். "ஆமா, கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்றேன். சீப்பு விழுந்தால் நான் குனிந்து எடுத்தேன். வாசலில் யாராவது கூப்பிட்டால் அவர் திரும்புவதற்குள் நானே ஓடினேன். கடைக்குள் ஒரு தடுமாற்றம் கிடையாது. ஆனால் தெருவில் வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பினால் போதும், சுவரைத் தேடினார். இரண்டு மாதமாகியும் அதேதான். இனிமேல் இப்படியேதானா என்று டாக்டரிடமே போய்க் கேட்டேன்.

அவர் எங்களைத் தலைசுற்றலுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண்ணிடம் அனுப்பினார். அவள் மேஜையில் பிளாஸ்டிக் காது ஒன்று இருந்தது. அதைத் திறந்து காட்டினாள்.

"ஒவ்வொரு காதுக்குள்ளயும் வளைஞ்ச குழாய் மூணு இருக்கு. உள்ள தண்ணி மாதிரி ஒரு திரவம். தலை திரும்பினா அந்தத் திரவம் கொஞ்சம் பின்தங்கும். அது அங்க இருக்கிற சின்ன முடியைச் சாய்க்கும். அதை வச்சுதான் எந்தப் பக்கம் திரும்புறோம்னு மூளைக்குத் தெரியுது."

"அங்கயும் முடியா? அதையும் நான்தான் வெட்டணுமா?" என்றார் இவர். விழுந்து எழுந்தும் நக்கல் மட்டும் குறையவில்லை.

அவள் சிரித்தாள். "இடது பக்கத்துலேர்ந்து சேதி சரியா வரல. அதனால மூளை குழம்புது. ஆனா அது கத்துக்கும்ங்க. தலை திரும்பணும், தடுமாறணும், மறுபடி திரும்பணும். அப்பதான் கத்துக்கும். எனக்கு ஒண்ணுதான் புரியல. உங்க தொழில்ல நாள் முழுக்க ஆளைச் சுத்தி வரணும், குனியணும். அதைவிடப் பெரிய பயிற்சியை நான் என்ன தரப்போறேன்? இந்நேரம் முக்காவாசி சரியாகியிருக்கணுமே?"

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லை.

"அவர் எங்க சுத்துறார்? நான்ல நாற்காலியைச் சுத்துறேன்" என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. பாவி, நானே அவரை முடக்கிப் போட்டிருக்கிறேன்!

அவள் திட்டவில்லை. "இனிமே நாற்காலியைத் தொடாதீங்க. முதல்ல வெறும் சீப்போட சுத்தட்டும். கால் பழகினப்புறம் கத்தரி. சவரக்கத்தி கடைசியா" என்றாள்.

கடையை மறுபடி பூட்டினோம். காலி நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சாய்ந்தார், பிடித்தார், என்னைத் திட்டினார், மறுபடி வந்தார். பிடிக்கப் போன கையை நான் முந்தானையில் சுற்றிக்கொண்டு நின்றேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தடுமாற்றம் குறைந்தது. கத்தரி எடுக்கிற நாள் வந்தபோதுதான் ஒரு கேள்வி வந்தது: யார் தலையை நம்பிக் கொடுப்பது? வேறு யார் தலை, என் தலைதான். போய் உட்கார்ந்தேன்.

"வேணாம்டி. காதுல பட்டுடுச்சுன்னா?"

"பட்டா ஒரு தோடு மிச்சம். வெட்டுங்க."

கழுத்தில் துணியைக் கட்டினார். முடியை நனைத்துச் சீவினார். வலப்பக்கம் நுனியை வெட்டிவிட்டு மறுபக்கம் திரும்பினார். லேசாகச் சாய்ந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்து நின்றார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். கையை விட்டார். என் இடது காதருகே கத்தரியின் சில்லிப்பு தெரிந்தது. வெட்டும் சத்தம் மட்டும் வரவில்லை.

"ஆடாம உக்காரு" என்றார்.

"நானா ஆடுறேன்? நீங்கதான்..."

கண்ணாடியைப் பார்த்தேன். அவர் நேராக நின்றிருந்தார். என் கழுத்தில் கட்டிய துணிதான் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் கத்தரியை இறக்கிக்கொண்டு, எனக்கு நடுக்கம் நிற்கும்வரை காத்திருந்தார்.