விரல் அசைந்த வீடு

ஐப்பசி பிறந்ததிலிருந்து காஞ்சியின் மேல் வானம் தாழ வந்து நின்றுவிட்டது. கோபுரங்கள் கலசம் வரைக்கும் மேகம் போர்த்தியிருந்தன. வேகவதியில் செந்நீர் ஓசையின்றி நகர்ந்தது. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நெசவுப் பாவு காயவைக்க ஒரு கீற்று வெயில் இல்லை. ஈரம் குடித்த பட்டிழை தறியேற மறுத்தது. மாலை எது, நண்பகல் எது என்று காக்கைகளுக்கே ஐயம் வந்துவிட்டதுபோல் அவை கூரைச் சரிவுகளில் கரையாது அமர்ந்திருந்தன. பழம்பாடல்களில் இது காத்திருப்பின் பருவம். பொருள் தேடிப் பிரிந்தவன் கார் தொடங்கும்போது வருவேன் என்று சொல்லிப் போயிருப்பான். முதல் இடி முழங்கியதும் அவள் வழிமேல் விழி வைப்பாள். சின்னக் காஞ்சிபுரத்து மாடவீதியில், அந்த ஐப்பசியில், காத்திருந்தது பெண்ணன்று. இரண்டடி தூரத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவிக்காக வாசுதேவ் காத்திருந்தான்.

அவன் காத்திருந்தது அவளுடைய வலக்கை விரல்களுக்காக. சூடாமணி மணமாவதற்கு முன் வயலின் பயின்றவள். இசை மெய்யாகவே உள்ளே இறங்கிவிட்டால், அவள் அறியாமலே அந்த விரல்கள் தொடையில் தாளம் எண்ணத் தொடங்கும். புதுமணப் பெண்ணாய்க் கோயில் நாதஸ்வரத்தின் முன் நின்றபோது அவை எண்ணியதை அவன் பார்த்திருக்கிறான். அவன் தன் கையால் கட்டிய பெட்டியின் முன் அவை ஒருமுறையும் எண்ணவில்லை.

சிடியில் உறைவது இசையன்று, எண்கள். அவ்வெண்களை மறுபடி ஒலியலையாக மாற்றித் தருவது அந்தப் பெட்டி, 'டாக்' என்பார்கள். தொலைபேசி நிலையத்தில் பொறியாளனான வாசுதேவ் அதைத் தானே செய்தான். உள்ளே மின்தடை தரும் சிறு ரெசிஸ்டர்களால் ஆன ஓர் ஏணி; ஒவ்வொரு படியும் தனக்கு மேற்பட்டதன் சரிபாதியை ஏந்த வேண்டும். படி பிசகினால் இசையில் முள் முளைக்கும். ஆகவே சென்னை ரிச்சி தெருவிலிருந்து கட்டுக்கட்டாக வாங்கி வந்து, ஒவ்வொன்றையும் மீட்டரில் வைத்து அளந்தான். ஆயிரம் ஓம் என்று அச்சாகக் காட்டியவையே அவனுக்கு உகந்தவை. மார்கழிப் பனியில் சில, கத்திரி வெயிலில் சில, ஆடிக் காற்றில் சில என, அருச்சனைக்குப் பூக்கொய்பவனைப்போல் ஆராய்ந்து சேர்த்தான். தேறாதவற்றுக்குச் சிவப்பு மையால் ஒரு பொட்டு வைத்து ஊறுகாய் ஜாடியில் போட்டான்.

அந்த ஜாடியைக் கேட்டவன் தேவசகாயம். அதே நிலையம், அதே பதவி, அடுத்த மேசை.

"இன்னாபா வாசு, ரெசிஸ்டர ஊறுகா போட்டுக்கினு இருக்கிற. வேணாம்னா எனக்குக் குடேன். நானும் ஒரு டாக் கட்டிப் பாக்குறேன்."

"அது கழிச்சது சகாயம். ஒண்ணும் ஆயிரம் காட்டாது."

"நான் மட்டும் ஆயிரமா காட்டுறேன்? குடுபா."

வாசுதேவ் கொடுத்தான். கொடுக்கையில் நெஞ்சுக்குள் ஓர் இனிமை ஊறியது. தான் உண்டு மிஞ்சியதை ஈகையென்று நீட்டுபவனின் இனிமை அது. அதற்குப் பெயர் வைத்துப் பார்க்க அன்று அவனுக்குத் தோன்றவில்லை.

புரட்டாசியில் தேவசகாயம் செவிலிமேட்டில் புதுவீடு கட்டிக் குடிபோனான். வாசுதேவும் சூடாமணியும் போயிருந்தார்கள். ஜெபம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பின், தேவசகாயத்தின் மனைவி கலையரசி காபி கொண்டுவந்தாள். "கட்டிட்டேன்பா, சிரிக்காத" என்று சொல்லி அவன் ஒரு சிடியை வைத்தான். வாசுதேவின் வீட்டில் நாள்தோறும் ஒலிக்கும் அதே நாதஸ்வர சிடி. பெட்டிக்கு மூடிகூட இல்லை. பழைய பிஸ்கட் டின்னை அறுத்துக் கவிழ்த்திருந்தான். குறைகளை எண்ணத் தயாராக வாசுதேவ் சாய்ந்து அமர்ந்தான். சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி தொடங்கியது. எண்ணுவதற்கு ஒன்றும் அகப்படாமல் தலை திருப்பியபோது அதைக் கண்டான். காபி டம்ளரைப் பிடித்த இடக்கை அப்படியே நிற்க, சூடாமணியின் வலக்கை தொடையில் மெல்லத் தட்டியது. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அவள் கண்கள் மூடியிருந்தன. தன் தோட்டத்துக் கொடி அயலான் முற்றத்தில் பூத்திருக்கக் கண்டவனைப்போல் வாசுதேவ் அமர்ந்திருந்தான்.

ஸ்கூட்டரில் திரும்புகையில் தூறல். கோயில் குளம் தாண்டியதும் அவள் சொன்னாள்:

"அவாத்துல கேக்க நன்னா இருந்தது."

"நம்மாத்துல?"

"நம்மாத்துல எல்லாம் தெளிவாத்தான் இருக்கு. சித்த நாழில தலை கனக்கறது. எனக்கு இதெல்லாம் என்ன தெரியும், விடுங்கோ."

அவன் விடவில்லை. பிள்ளையார்பாளையத்துக்குப் போய், பெட்டியின் உள்வயர்களுக்காக, ஜரிகைக்கென்று இழுத்த வெள்ளிக் கம்பியை வாங்கி, அதன்மேல் பட்டு நூல் சுற்றித் தரச் சொன்னான். ஜரிகைப் பட்டறைத் துரைக்கண்ணு கம்பியை விரலில் உருட்டிப் பார்த்தார்.

"எதுக்கு சார் இது?"

"பாட்டுப் பெட்டிக்கு."

"பொட்டிக்குப் பட்டு கட்டுறீங்க. வூட்ல அம்மாவுக்கு எப்போ சார்?"

வெள்ளியும் பட்டும் பூட்டிய பெட்டி கூடத்தில் பாடியது. சூடாமணி அவரைக்காயை நறுக்கி முடித்து, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அதன் பிறகு தேவசகாயம் எதைச் செய்தாலும் வாசுதேவின் உடம்பில் எங்கோ தைத்தது. அவன் சிரிப்பு, டிபன் டப்பாவைத் திறக்கும் ஓசை, தேவாலயப் பாடகர் குழுவை நடத்திவிட்டு வந்து மேசையில் தட்டும் தாளம். கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் நிற்கும்போதும் நெஞ்சு ஒருப்படவில்லை. பக்கத்தில் நிற்கும் பாச்சா, அவனோடு பள்ளியில் படித்தவன், வாய்விட்டே சொன்னான்: "வாசு, நீ சுத்தமாத்தான் சேவிக்கறே. ஆனா தனியா சேவிக்கறே. நாங்களும் இங்கதான்டா நிக்கறோம்." சுருதி இறங்கியவர்கள் அவர்கள், தான் ஏன் இறங்க வேண்டும் என்று எண்ணியபடி வாசுதேவ் நடந்தான்.

கடைசியில் கேட்டுவிட்டான். "உன் பெட்டிய ஒரு வாரம் குடேன், சகாயம். சும்மா கேட்டுப் பாக்கணும்." மறுநாள் கொட்டும் மழையில் தேவசகாயமே கொண்டுவந்தான். அவனுடைய மழைக்கோட்டுக்குள் பெட்டி இருந்தது. அவன் வெளியே இருந்தான்.

"நனைஞ்சுட்டியே."

"பொட்டி நனையக் கூடாதில்ல. நான் காஞ்சிப்பேன். ஞாயித்துக்கிழம சாய்ங்காலம் வந்து எட்துக்குறேன்."

ஞாயிறு வரை வாசுதேவ் அதைப் போட்டுக் கேட்கவில்லை; அன்று பிற்பகல் சூடாமணி கோயிலுக்குப் போனாள். வாசுதேவ் பிஸ்கட் டின்னைக் கழற்றினான். உள்ளே வரிசை வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள். அவன் கழித்தவை, அவன் வைத்த பொட்டுகள். சிலவற்றின் ஒரு காலைப் பிரித்து மீட்டரில் வைத்தான். ஆயிரத்து நான்கு. அடுத்ததும் ஆயிரத்து நான்கு. அதற்கடுத்ததும். ஒன்றுகூட ஆயிரம் இல்லை. ஒன்றுகூட மற்றொன்றிலிருந்து விலகவும் இல்லை. தேவசகாயம் ஒரே நாளில் உட்கார்ந்து, ஒன்றோடொன்று ஒத்துப்போனவற்றை மட்டும் எடுத்திருக்கிறான்.

தன் பெட்டியைத் திறந்து, தன்னுடையவற்றையும் அவ்வாறே அளந்தான். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. ஆயிரத்து இரண்டு. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. அடுத்தது ஆயிரத்து ஒன்று. பனியில் ஆயிரம் காட்டியது ஒன்று, வெயிலில் காட்டியது ஒன்று, மீட்டரின் பேட்டரி தளர்ந்திருந்த நாளில் காட்டியது இன்னொன்று. ஒவ்வொன்றும் தன் நாளில் மெய்யே சொன்னது. ஏணிக்கு வேண்டியது ஆயிரமன்று. படிகள் தமக்குள் ஒத்திருந்தால் போதும். நேற்றுப் பயிற்சிக்கு வந்தவனும் அறிந்ததை, எண்ணைத் தொழுது நின்றதில் அவன் மறந்திருந்தான்.

இனித் தானும் அவ்வாறே தேர்ந்தெடுத்துக் கட்டலாம். விரல்கள் இந்தக் கூடத்திலும் அசையும். ஆனால் முதலில் அசைந்தது அங்கே. அந்த முதலை எந்த ரெசிஸ்டரால் மாற்றுவது?

சால்டரிங் அயர்ன் சூடாகியே இருந்தது. தேவசகாயத்தின் ஏணியில், எல்லாவற்றினும் மிகுதியாகப் பாரம் தாங்கும் உச்சிப்படியில், சிவப்புப் பொட்டிட்ட ஒன்றை எடுத்தான். அவ்விடத்தில் தன்னுடைய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டை வைத்தான். குங்கிலியம்போல் ஒரு புகைச்சுருள் எழுந்து அடங்கியது. எடுத்ததை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு டின்னை மூடினான்.

மாலை தேவசகாயமும் கலையரசியும் வந்தார்கள். சூடாமணி கோயிலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள்.

"எடுத்துண்டு போறதுக்கு முன்னாடி ஒரு தரம் போடுங்கோளேன். அந்த மல்லாரி."

வாசுதேவ்தான் போட்டான். அவள் தரையில் அமர்ந்து கண்மூடினாள். உள்ளங்கை தொடையில் தட்டியது. சுண்டுவிரல் இறங்கியது. மோதிரவிரல் பாதியில் நின்றது. எதையோ தொலைத்தவள்போல் அவள் காத்திருந்து, பிறகு நெற்றியை அழுத்திக்கொண்டாள்.

"அன்னிக்கு உங்காத்துல கேட்டது இது இல்லையே, சார்."

தேவசகாயத்தின் முகம் விழுந்தது. பெட்டியருகே குனிந்து காது வைத்தான். "ஆமாம்மா. கரகரங்குது. ஈரம் பூந்துட்ச்சி போலக்குது. நான்தான் அவசரத்துல மழையில எட்துக்கினு வந்தேன்."

"அன்னிக்கே சொன்னேன், மழ வுட்டப்புறம் போன்னு. கேட்டாதான," என்றாள் கலையரசி.

தேவசகாயம் சிடியை நிறுத்தினான். கூடம் மழையோசையால் நிறைந்தது. வாசுதேவ் தன்னுள் மகிழ்ச்சியைத் தேடினான். இனிச் செவிலிமேட்டிலும் அவள் விரல் அசையாது, எங்குமே அசையாது. அவன் வேண்டியது முழுமையாகக் கிடைத்திருந்தது. சூடாமணியின் கை மடியில் மல்லாந்து கிடந்தது.

"சகாயம்," என்றான். "பெட்டி இங்கயே இருக்கட்டும். நான் பாக்கறேன்."

"உங்கைல இருந்தா எனக்கு இன்னாபா கவல?"

புறப்பட எழுந்தார்கள். எந்த நண்பனின் வீட்டிலிருந்து கிளம்பும்போதும் நின்று ஒரு வார்த்தை ஜெபித்துவிட்டுப் போவது தேவசகாயத்தின் வழக்கம். சூடாமணிக்கு அது தெரியும். அந்தி விளக்கை இன்னும் ஏற்றவில்லையே என்று சொல்லி அவள் பெருமாள் படத்தின் முன் திரியைத் தூண்டி ஏற்றினாள். ஈரக்காற்றில் சுடர் சாய்ந்து, பின் தானே நிமிர்ந்தது. கலையரசி முந்தானையைத் தலைமேல் இட்டுக்கொண்டாள். வாசுதேவ் மடிப்பிலிருந்து அச்சிறு பொருளை எடுத்து உள்ளங்கையில் மறைத்து, விளக்கை நோக்கிக் கைகூப்பினான். நடுவில் அதன் கம்பிக் கால்கள் குத்தின. கையை இன்னும் இறுகச் சேர்த்தான்.

தேவசகாயம் தலை குனிந்தான்.

"ஆண்டவரே, இந்த வீட்டை ஆசீர்வதியும். இந்தச் சகோதரியோட செவிய ஆசீர்வதியும். என் சிநேகிதன் கையை ஆசீர்வதியும்."