பிளேடு பெட்டி அக்காவுடையது

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டையும் நிலத்தையும் விற்பதற்காக என் அக்கா ஆர்டிஸ் கையெழுத்துக்குக் கொடுத்த ஒன்பது தாள்களின் பின்பக்கத்தில் பிறந்தது. முன்பக்கம் முழுக்க அச்சு. அதைப் பார்க்கப் பிடிக்காமல் தாள்களைக் கவிழ்த்துப் போட்டேன். கவிழ்த்த பக்கம் வெறுமனே இருந்தது. பென்சிலை எடுத்தேன்.

நாற்பது வருஷம் ஜல்லி தோண்டும் குழியில் வேலை பார்த்தவன் நான். ஐம்பத்தாறு வயதில்தான் நூலகத்துப் பெண்மணி ஒருவர் எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார். அதுவரை எங்கே விரல் வைத்துக் காட்டினாலும் அங்கே பெயரைக் கிறுக்கிவிட்டு வருவேன். இப்போது ஒரு வார்த்தையையும் விடாமல் வாசித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. ஒன்பது தாளையும் நான்கு முறை வாசித்துவிட்டேன். ஐந்தாவது முறையும் வாசிக்கப்போகிறேன் என்றதும், எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அந்த அம்மாளைத்தான் உதைக்க வேண்டும் என்றாள் அக்கா.

2

முதல் தொடக்கம்: "விஸ்கான்சினில் ஒரு மே மாதக் காலை. பனித்துளி மின்னும் புல்வெளியில் அந்தப் பழைய டிராக்டர் கம்பீரமாக"

இல்லை. எங்கள் புல் வெட்டும் குட்டி டிராக்டர் எந்தக் காலையிலும் கம்பீரமாக நின்றதில்லை. முன் இடது டயரில் வாரத்துக்கொரு முறை காற்று இறங்கிவிடும். அது நிற்பதைப் பார்த்தால் முட்டிவலிக்காரன் பஸ்ஸுக்கு நிற்பது போலிருக்கும்.

இரண்டாவது தொடக்கம்: "பழைய எந்திரத்தைப் பராமரிப்பது ஒரு தியானம் என்று சொல்வார்கள்"

யார் சொல்வார்கள்? சேற்றில் மல்லாந்து படுத்து, துருப்பிடித்த போல்ட்டைத் திருகி, அதன் தலை மட்டும் ஒடிந்து மூக்கில் விழுந்த அனுபவம் அவர்களுக்கு உண்டா? இந்த வண்டியில் ஒன்றைச் சரிசெய்யக் கழற்றினால் மூன்று உடையும். கார்புரேட்டரைத் துடைத்தால் பெட்ரோல் குழாய் விரியும். குழாயை மாற்றினால் பேட்டரி சாகும். செய்த கம்பெனியே இப்போது இல்லை. உதிரி பாகத்துக்காக இதே மாதிரி செத்த வண்டி ஒன்றை வாங்கிக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தினேன். பிறகு அந்தச் செத்த வண்டியில் இல்லாத பாகத்துக்காக இன்னொரு செத்த வண்டி. அக்கா அந்த இடத்துக்குப் பிணக்கிடங்கு என்று பெயர் வைத்திருக்கிறாள்.

மூன்றாவது தொடக்கம்: சனிக்கிழமை வீட்டைப் பார்க்க ஆள் வருகிறார்கள். புல் முழங்கால் உயரம்.

இதுதான். இதிலிருந்து தொடங்குகிறேன்.

3

(இதை எங்கே செருகுவது என்று தெரியவில்லை. இங்கேயே இருக்கட்டும்.)

ஒரே நிலத்தில் இரண்டு சின்ன வீடுகள், ஒன்று அக்காவுக்கு, ஒன்று எனக்கு. நடுவில் இரண்டரை ஏக்கர் புல். கிணறு ஒன்றே என்பதால் ஒருத்தர் மட்டும் தன் பங்கை விற்க முடியாது. அப்பா எழுதிவைத்த உயிலில் டிராக்டர் எனக்கு. அதன் வயிற்றுக்கடியில் மாட்டுகிற, மூன்று பிளேடு சுழலும் தகரப் பெட்டி அக்காவுக்கு. பெட்டி இல்லாத வண்டி புல் வெட்டாது. வண்டி இல்லாத பெட்டியில் கோழி வளர்க்கலாம்.

பெட்டியை மாட்டுவதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் இருக்கையில் உட்கார்ந்து இடதுபக்க மிதியை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்து, பெல்ட்டைக் கப்பிமேல் ஏற்ற வேண்டும். மே மாதம் மாட்டுவோம். அக்டோபரில் கழற்றி, பனி தள்ளும் தகட்டை மாட்டுவோம். வருஷத்தில் அந்த இரண்டு நாள் நாங்கள் கட்டாயம் பேசியாக வேண்டும்.

நூலகத்தில் நடக்கும் கதை எழுதும் வகுப்பில் இதைச் சொன்னபோது எல்லோரும் உருகிவிட்டார்கள். பிள்ளைகள் பிரிந்துவிடக் கூடாது என்று அப்பா எவ்வளவு யோசித்திருக்கிறார் பாருங்கள் என்றார்கள். அப்பா அப்படி எதையும் யோசிக்கவில்லை. பழைய பெட்டி துருவேறி ஓட்டையான வருஷம், பாலாடைக்கட்டித் தொழிற்சாலைச் சம்பளத்தில் புதுப் பெட்டி வாங்கிக்கொடுத்தவள் அக்கா. வாங்கியவளுக்கே அதைத் திருப்பிக் கொடுத்தார். விஷயம் அவ்வளவுதான்.

4

இந்த இடத்தில் கதைக்கு ஒரு வில்லி வேண்டும் என்று பட்டது. அக்காவை எழுதிப் பார்த்தேன். "ஆர்டிஸுக்கு மண் என்றால் மண்தான், புல் என்றால் புல்தான். பிப்ரவரியில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்த நாளிலிருந்து அவளுக்கு இந்த இடமே ஆகவில்லை. ஊருக்குள் மருத்துவமனைக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் இரண்டு அறை பார்த்துவிட்டாள், அவளுக்கொன்று எனக்கொன்று. தம்பியிடம் ஒரு வார்த்தை"

மதியம் காபி குடிக்கப் போய்விட்டுத் திரும்பினால், தாளின் ஓரத்தில் பச்சை மை.

[வில்லின்னா வில்லியாவே எழுது, எனக்கொண்ணும் இல்ல. ஆனா பாதியை முழுங்காதே. நான் விழுந்து கிடந்தப்ப நீ எங்க இருந்தே, அதையும் எழுது. ஒரு வார்த்தை கேக்கலையாம்! மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் கார்புரேட்டரைப் பத்திப் பேசினே. — ஆர்.]

அதை அழிக்க முடியவில்லை. மை.

5

சரி, எழுதுகிறேன்.

அன்று காலை பத்து மணிக்கு அக்கா தபால் பெட்டிக்கு நடந்தாள். நான் கொட்டகையில் வண்டியை முடுக்கி, பனி தள்ளக் கிளம்பும் முன் சூடேற்றிக்கொண்டிருந்தேன். சைலன்சர் துருவில் அரித்துப்போய் ஒரு வருஷமாகியிருந்தது. அடுத்த வாரம் மாற்றலாம், அடுத்த வாரம் மாற்றலாம் என்று விட்டுவைத்திருந்தேன். அந்தச் சத்தத்தில் நான் பாடுவதே எனக்குக் கேட்காது. நாற்பது தப்படி தள்ளி, பனியில் விழுந்து, இருபது நிமிஷம் அக்கா என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

பிறகு தகட்டை இறக்கிக்கொண்டு நான் அந்தப் பாதையில்தான் வந்தேன். பாதையில் சிவப்பாக ஏதோ அசைந்தது. அவளுடைய கையுறை.

வண்டியை நிறுத்தி இறங்கி ஓடினேன். அவள் முதலில் சொன்னது, "அணைச்சுத் தொலைடா அந்தச் சனியனை."

மறுவாரமே புது சைலன்சர் போட்டுவிட்டேன். இப்போது வண்டி தையல் எந்திரம் மாதிரி ஓடுகிறது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

6

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மூன்று வாரமாக மழை. புல் முழங்காலைத் தொடுகிறது. காட்டைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள், சனிக்கிழமைக்குள் வெட்டியிருக்க வேண்டும் என்று வீட்டுத் தரகுக்காரி சொல்லிவிட்டாள். கூலிக்கு வெட்டுகிற மூன்று பேருக்கு அக்கா போன் போட்டாள். மூவரும் அடுத்த வாரம் என்றார்கள். மிச்சமிருப்பது என் வண்டி மட்டும்.

வீடு விற்கப்படாமலிருக்க நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒன்றும் செய்யாமலிருந்தால் போதும்.

எழுதுகிறவனுக்கு இது இன்னும் சுலபம். குளிர்காலத்தில் எலிகள் இன்ஜின் விசிறியின் தகர மூடிக்குள் கூடு கட்டும். வசந்தத்தில் மூடியைக் கழற்றிக் கூட்டை எடுக்காமல் ஓட்டினால் காற்று போகாது, இன்ஜின் சூடேறிச் செத்துவிடும். ஆகவே ஒரே வாக்கியம்: "மூடியைக் கழற்றாமலே ஓட்டினேன், பத்தாவது நிமிஷம் பிஸ்டன் இறுகி வண்டி நின்றுவிட்டது." எழுதினேன். எழுதிய கை கூசியது. அடித்துவிட்டேன்.

சரி, கதையில் வேண்டாம், நிஜத்திலாவது சும்மா இருக்கலாமே என்று புதன்கிழமை கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். வண்டி என்னைப் பார்த்தது. மூடியைத் திறந்து பார்ப்பதில் என்ன தப்பு என்று திறந்தேன். உள்ளே பஞ்சு, சருகு, அக்காவின் பழைய கம்பளி நூல், ஆறு எலிக்குஞ்சுகள். இனி அதை அப்படியே விட மனசு வருமா? குஞ்சுகளைக் கூட்டோடு விறகடுக்குக்கு மாற்றினேன். இன்ஜினைச் சுற்றியுள்ள தகட்டிடுக்கெல்லாம் கம்பி விட்டுச் சுத்தம் செய்தேன். எண்ணெய் மாற்றினேன். பிளக்கைத் துடைத்தேன். பழைய பெட்ரோலை வடித்துப் புதிது ஊற்றினேன். இருட்டுவதற்குள் வண்டி என்னுடைய வீட்டைவிடச் சுத்தமாக இருந்தது. என் கழுத்துக்கு நானே சுருக்குக் கயிறு திரித்து, அதற்கு கிரீஸும் தடவிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

(இந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை என்று வகுப்பில் சொன்னார்கள். வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கிறவன் அப்படியா செய்வான் என்று கேட்டார்கள். எனக்கும் அதே சந்தேகம்தான்.)

7

வியாழக்கிழமை பெட்டியை மாட்டினோம். அக்காவை இருக்கையில் ஏற்றிவிடவே கால்மணி நேரம் ஆனது. ஒடிந்தது வலது இடுப்பு, மிதி இடது பக்கம், அந்த மட்டும் நல்லது. நான் அடியில் ஊர்ந்து போனேன்.

"மிதிச்சிருக்கியா?"

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். எத்தனை வருஷமா மிதிக்கிறேன்."

பெல்ட்டுக்கும் கப்பிக்கும் நடுவில் நாலு விரலை விட்டேன். அவள் காலை எடுத்தால் விரல் நசுங்கும். அந்த நேரம் பார்த்து மேலிருந்து குரல் வந்தது.

"லைலு, அடுத்த பனிக்கு நான் இங்க இருக்க மாட்டேன். நீ கையெழுத்துப் போட்டாலும் சரி, போடாட்டியும் சரி. மக வீட்டு சோபாவுல போய்ப் படுத்துக்கறேன்."

"விரல் உள்ள இருக்கு ஆர்டிஸ். இப்பவா இதைப் பேசுவே?"

"இப்பத்தானே நீ எந்திரிச்சுப் போக முடியாது."

கொஞ்ச நேரம் அவளுடைய செருப்பின் அடிப்பாகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். பெல்ட் கப்பியில் ஏறவில்லை. நானும் ஏற்றவில்லை.

"அந்த ரெண்டு அறைல வண்டியை எங்க நிறுத்துறது?" என்றேன்.

"அங்க எவனோ வந்து புல்லு வெட்டுவான்டா. நீ ஜன்னல்ல நின்னு, கோணலா வெட்டுறான் கோணலா வெட்டுறான்னு அவனைத் திட்டிக்கிட்டு இருக்கலாம். உனக்குப் பிடிச்ச வேலைதானே."

பெல்ட்டை ஏற்றினேன். விரலை எடுத்துவிட்டேன் என்று சொல்லாமல் சற்று நேரம் இருந்தேன். அவளும் காலை எடுக்கவில்லை.

8

வெள்ளிக்கிழமை வெட்டினேன். ஈரப்புல் அடிக்கடி பெட்டியில் அடைத்துக்கொண்டது. அணைத்து, இறங்கி, குச்சியால் குத்தி எடுத்து, மறுபடி ஏறி, ஐந்து மணி நேரம். முதலில் பிளேடை உயர்த்தி ஒருமுறை, பிறகு தாழ்த்தி ஒருமுறை. கடைசி வரிசை முடித்துத் திரும்பிப் பார்த்தேன். அழகாக இருந்தது. அது அழகாக இருந்ததே எனக்கு ஆத்திரமாக இருந்தது. யாராக இருந்தாலும் வாங்கிவிடுவார்கள்.

9

இனி முடிவு. இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று: வந்தவர்களுக்கு இடம் பிடிக்கவில்லை. அக்கா மகள் வீட்டு சோபாவுக்குப் போகிறாள். நான் புல்வெளிக்கு நடுவில் வண்டியோடு, பெட்டியை மாட்ட மிதி அழுத்த ஆளில்லாமல்

இதை முடிக்கப் பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு: லைல் மனம் மாறி, கண்ணீரோடு கையெழுத்திடுகிறான். அக்கா அவனைக் கட்டிக்கொள்கிறாள்.

[நான் எதுக்குடா உன்னைக் கட்டிக்கப்போறேன்? — ஆர்.]

ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை ஒரே ஒரு பெண் வந்தாள். கோரின் என்று பெயர், ஐம்பது வயதிருக்கும், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். புருஷன் வேலையில் இருந்ததால் தனியாக வந்திருந்தாள். வீடுகளைச் சும்மா எட்டிப் பார்த்தாள். அக்கா புளிப்பு ருபார்ப் தண்டு போட்டுச் சுட்டு வைத்திருந்த கேக்கையும் கவனிக்கவில்லை. நேரே கொட்டகைக்குப் போனவள் வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். இதுவும் வீட்டோடு சேர்த்தியா என்று கேட்டாள்.

அக்கா சொன்னாள்: "அடியில இருக்கிற பெட்டி என்னுது, அதைத் தரேன். வண்டி அவனோடது. அவனைக் கேளுங்க."

கோரின் என்னைப் பார்த்தாள். நான் டயரைப் பார்த்தேன். ஏறி உட்காரலாமா என்றாள். உட்காருவதில் என்ன என்று தலையாட்டினேன். உட்கார்ந்தாள், கிளட்சை மிதித்தாள், சோக்கைப் பாதி இழுத்தாள், சாவியைத் திருப்பினாள்.

பாதி சோக்கு. அதுவும் முழுசாக இழுத்தால்தான் கிளம்பும் குளிர்ந்த இன்ஜினுக்கு.

வண்டி முனகியது, கிளம்பவில்லை. மறுபடி திருப்பினாள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். கிளம்பாவிட்டால் நல்லதுதான், பழைய தகரம் என்று இறங்கிப் போய்விடுவாள், இடமே வேண்டாம் என்றும் ஆகலாம். மூன்றாவது முறை. நான்காவது முறை முனகல் தேய்ந்தது, பேட்டரி இறங்குவது காதில் கேட்டது. ஓடாத வண்டிபோல என்று அவள் நினைப்பது அவள் முகத்தில் தெரிந்தது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது முறைக்குக் கோரினின் கை சாவிக்குப் போனது.

"அப்படி இல்லம்மா. சோக்கை முழுசா இழு. ஆக்சிலேட்டர் பாதி. இப்பத் திருப்பு. ஒரு தடவை இருமும், இருமினதும் சோக்கைப் பாதி உள்ள தள்ளு. மொத்தமாத் தள்ளிடாத, கோவிச்சுக்கும்."

திருப்பினாள். இருமியது. தள்ளினாள். ஓடியது.

ஆரம்பித்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. வசந்தத்தில் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும், இடது டயருக்கு வாரா வாரம் காற்று, வேண்டிய பாகமெல்லாம் பின்னால் இரண்டு வண்டிகளில் இருக்கிறது, பெட்டியை மாட்ட ஆள் துணை வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் புருஷன் மிதி அழுத்துவாரா என்றும் கேட்டுவிட்டேன். "நான் சொல்றதைத் தவிர எல்லாத்தையும் அழுத்துவார்" என்றாள். திரும்பிப் பார்த்தேன். அக்கா கம்பை ஊன்றிக்கொண்டு சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தாள், கேக் வெட்டுவதற்கு.

10

நான் சம்மதம் சொல்லவில்லை. வேண்டுமானால் மேலே போய் வாசித்துப் பாருங்கள், சரி என்று கோரினிடம் எங்கேயும் சொல்லவில்லை. வண்டியை எப்படிக் கிளப்புவது என்று மட்டும்தான் சொன்னேன். அக்கா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். காலையிலிருந்து அட்டைப் பெட்டிகளில் பாத்திரங்களை அடுக்குகிற சத்தம் கேட்கிறது. கோரின் நாளைக்குப் புருஷனோடு வருகிறாளாம்.

முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். சம்மதித்தேன் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் எழுதும் முன் ஒன்றுக்கு மட்டும் உண்மையாகப் பதில் சொல்லுங்கள். நன்றாக ஓடுகிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு, பாதி சோக்கில், ஐந்தாவது முறையாக ஒருத்தி சாவியைத் திருப்பப் போகும்போது, பக்கத்தில் நின்று நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்திருப்பீர்களா?