வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள்

துறைமுகத்தில் அவனைக் கிரேன்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடம் நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, முப்பது டன் பெட்டிகளைக் கப்பலிலிருந்து தூக்கி லாரிமேல் பூப்போல இறக்கி வைத்தவன். ஒரு மழைநாள் காலையில் கூண்டிலிருந்து இறங்கும்போது ஏணியின் படி ஒன்று கழன்றுகொண்டது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. பதினான்கு மாதம் இழுத்தடித்து, நஷ்டஈடாக ஒரு கோடியே இருபது லட்சம் வங்கிக் கணக்கில் வந்தபோது அவனுக்கு வயது நாற்பத்து நான்கு. இனிமேல் சம்பளம் கிடையாது. சாகும்வரை இதுதான்.

யாரோ கொடுத்த விலாசத்தை வைத்துக்கொண்டு அவனும் மனைவியும் ஒரு முதலீட்டு ஆலோசகரைப் பார்க்கப் போனார்கள். நான்காவது மாடி. சுத்தமான மேஜை, அதன்மேல் ஒரு பேனாவும் ஒரு தாளும் மட்டும். ஆலோசகர் நாற்பது வயதுப் பெண்மணி. அவசரமே இல்லாமல் பேசினார். எதில் எவ்வளவு போடலாம், சந்தை விழுந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் விளக்கிவிட்டு, “எங்க கட்டணம் வருஷத்துக்கு ஒரு சதவீதம்தான்” என்றார்.

மனைவி மருந்துக்கடையில் கல்லா பார்ப்பவள். “ஒரு லட்சத்து இருபதாயிரம்” என்றாள் உடனே. “மேடம், வீட்டுக் கடன் பதினெட்டு லட்சம் பாக்கி இருக்கு. இந்தப் பணத்துல அதை அடைச்சுட்டா உங்க கட்டணம் குறையுமா?”

“குறையும்.”

“அப்ப அடைங்கன்னு சொல்வீங்களா, வேண்டாம்னு சொல்வீங்களா?”

ஆலோசகர் பேனாவை மூடினார். “நியாயமான கேள்வி. நான் அடைக்கத்தான் சொல்வேன். இந்தத் தொழில்ல இருக்கற எல்லாரும் அப்படிச் சொல்வாங்களான்னு கேட்டா, எனக்குத் தெரியாது.”

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. கட்டணம் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டாள்.

“மாசம் பத்தாயிரம். என் சம்பளமே இருபதுதான். மாசத்துல பாதி நாள் நான் கால் கடுக்க நிக்கறது அந்தம்மாவுக்கா?” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் அதைக் கவனிக்கவில்லை. செயற்கைக் காலின் பட்டையைத் தளர்த்திக்கொண்டிருந்தான். “கொடுத்துடலாம்” என்றான்.

“இருபது வருஷம் கொடுத்தா என்ன ஆகும்னு பார்த்தீங்களா? அந்தம்மா செய்யறதுல பாதியை நாமளே படிச்சுத் தெரிஞ்சுக்கலாம்.”

“தெரியும். இருந்தாலும் கொடுத்துடலாம்.”

கறிக்காரரிடம்கூட ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவன். அவள் தாளை ஒதுக்கிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். அவன் பட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

“அண்ணன் நாற்பது லட்சம் கேட்டிருக்காரு.”

“எப்ப?”

“ஆஸ்பத்திரியில இருந்தப்பவே. ரெண்டு லாரி வாங்கணுமாம்.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“அப்பா போனப்ப எனக்கு ஒன்பது வயசு. நான் படிக்கணும்னு அவர் பள்ளிக்கூடத்தை விட்டுட்டு லாரியில கிளீனராப் போனாரு. அவர் மூஞ்சியைப் பார்த்து இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராது. பணம் அந்தம்மா பொறுப்புல இருந்தா, ‘அவங்க விட மாட்டேங்கறாங்கண்ணே’ன்னு சொல்லிடலாம்.”

“அப்ப இது ஆலோசனைக் கட்டணம் இல்ல. வாய்க்கு வாடகை.”

அவள் கேலியாகத்தான் சொன்னாள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அவன் அண்ணனுக்குப் போன் செய்து, சொல்ல நினைத்ததைச் சொல்லியும் விட்டான். அண்ணன் அசரவில்லை. “உன் பணத்தை விட மாட்டேன்னு சொல்ல அவங்க யாருடா? நானும் வர்றேன். நேர்ல பேசிக்கலாம்.”

வியாழக்கிழமை மூவரும் போனார்கள். அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு ஃபைலோடு வந்திருந்தார். லிப்ட் வாசலில் இருந்த இரண்டு படிகளிலும் தம்பியின் இடுப்பைச் சுற்றிக் கை கொடுத்து ஏற்றிவிட்டார். சின்ன வயதில் சைக்கிள் பாரில் உட்காரவைப்பதற்கு அப்படித்தான் தூக்குவார். கிரேன்காரனுக்கு அங்கேயே திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது.

ஆலோசகர் ஃபைலை ஒரு பக்கம் விடாமல் படித்தார். “இப்ப ஓடற லாரிக்கே ஏழு தவணை நிக்குதே?”

“தொழில்னா முன்ன பின்ன இருக்கும்” என்றார் அண்ணன். “மூணு வருஷத்துல வட்டியோட கொடுத்துடுவேன். அதை விடுங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் தம்பி பணத்தை அண்ணனுக்குக் கொடுங்கன்னு சொன்னா, உங்களால தடுக்க முடியுமா?”

கிரேன்காரன் ஆலோசகரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வருடா வருடம் ஒரு லட்சத்து இருபதாயிரத்தை முணுமுணுக்காமல் எடுத்து வைப்பான்.

“முடியாது” என்றார் அவர். “இது சரியில்லைன்னு நான் சொல்லலாம், சொல்லவும் செய்வேன். ஆனா பணம் அவரோடது. அவர் கையெழுத்துப் போட்டா ரெண்டு நாள்ல உங்க கணக்குல இருக்கும்.”

அண்ணன் தம்பி பக்கம் திரும்பினார். “கேட்டியா?”

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“இல்லண்ணே.”

“என்ன இல்ல?”

“என்னால தர முடியாது. நாற்பதும் முடியாது, அதுல பாதியும் முடியாது. லாரி நஷ்டமானா நீங்க வேற லாரி ஓட்டலாம். இது போச்சுன்னா நான் எங்க ஏறிச் சம்பாதிப்பேன்?”

அண்ணன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தாள்களை ஒழுங்காக அடுக்கி ஃபைலுக்குள் வைத்தார். எழுந்தார்.

“நான் பள்ளிக்கூடத்தை விட்டப்ப எந்த ஆலோசகர்கிட்டயும் கேக்கலடா” என்றார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

மனைவிதான் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “மேடம், தப்பா நினைக்காதீங்க. எங்களுக்கு இனி வருஷா வருஷம் நீங்க தேவையா?”

ஆலோசகர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு தாளில் ஒரு போன் நம்பரை எழுதி நகர்த்தினார். “ஒரே தடவை பணம் வாங்கிட்டு முழுத் திட்டத்தையும் எழுதிக் கொடுக்கறவர் ஒருத்தர் இருக்காரு. நான் அப்படிச் செய்யறதில்ல. உங்களுக்கு அது போதும்.”

அந்த ஆள் இருபத்தைந்தாயிரம் வாங்கிக்கொண்டு ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தார். வீட்டுக் கடன் அடைந்தது. இரண்டு வருடச் செலவுக்கானது வங்கி வைப்புக்குப் போயிற்று. மீதியை எப்படிப் பிரித்துப் போடுவது, எப்போது எடுப்பது என்று வரிசையாக இருந்தது. மனைவி அதை வரிக்கு வரி படித்துச் செய்தாள். பணத்தைப் பொறுத்தவரை இனிப் பயமில்லை.

அண்ணனிடமிருந்து மட்டும் போன் வரவில்லை. இவன் செய்தாலும் எடுக்கவில்லை. நான்காவது மாதம், லாரியைக் கடன் கம்பெனிக்காரர்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டதாகக் காதில் விழுந்தது. அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை.

“ஏதாவது செய்யணும்னு தோணுதா?” என்று கேட்டாள் மனைவி.

“தோணுது. அந்த ஆறு பக்கத்துல அதுக்கு இடமில்ல.”

“அதை யாரும் எழுதித் தர முடியாது. நீங்களே முடிவு பண்ணுங்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

இரண்டு நாள் யோசித்தான். அண்ணன் மகளின் கல்லூரிக் கட்டணத்தை நேராகக் கல்லூரிக்கே கட்டிவிட்டு, அண்ணியின் நம்பருக்குப் போன் செய்தான்.

“ரசீது வந்துச்சு தம்பி” என்றாள் அண்ணி. “நல்லா இருங்க.”

பின்னால் யாரோ இருமுவது கேட்டது. அவனுக்கு அந்த இருமல் தெரியும்.

“அண்ணன் பக்கத்துல இருக்காரா?”

“வெளியில போயிருக்காரு” என்றாள்.

“சரி அண்ணி. வந்தா கேட்டதாச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, அவள் வைக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தான்.