லாம்புப் பாட்டு

‘பெரட்டு’ என்ற பெயரைச் சொன்னால் கொழும்பில் கைதட்டுவார்கள். தேயிலைத் தோட்டத்தில் சிரிப்பார்கள். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்குப் பெயர் பெரட்டு. அங்கே போய் நிற்கப் பிடிக்காமல்தான் பாதிப் பிள்ளைகள் ஊரை விட்டே ஓடுகின்றன. அப்படி இருக்க, ஒரு ரொக் இசைக்குழுவுக்கு அந்தப் பெயரை வைத்தவன் எத்தனை பெரிய கெட்டிக்காரனாக இருக்க வேண்டும்! வைத்தவன் கிஷாந்த். அப்போது அவனுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. தான் கெட்டிக்காரன் என்பதில் மட்டும் அவனுக்கு என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

டிக்கோயாவுக்கு மேலே இருக்கிற அவர்களுடைய தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராதான் குழுவின் முதல் கூடாரம். பின்னேரம் குழந்தைகள் போன பிறகு தொட்டில் சேலைகளை ஒதுக்கிக் கட்டிவிட்டு, மூத்திர வாடையில் நின்று வாசிப்பார்கள். கிஷாந்த் கிட்டார், பாட்டும் அவனே. ஜீவராஜ் டிரம்ஸ். சதீஸ்குமார் பேஸ் கிட்டார். சினிமாப் பாட்டு ஒன்றுகூட வாசிப்பதில்லை என்று மூவரும் சத்தியம் செய்துகொண்டார்கள். சத்தியத்தின் பலன் அடுத்த தேர்த் திருவிழாவிலேயே கிடைத்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் கோயில் தலைவர் வயரைப் பிடுங்கிவிட்டு, “தம்பிமாரே, போதும் எறங்குங்க. அம்மனுக்கே தலவலி வந்துரும்” என்றார்.

அதற்குப் பிறகும் விட்டார்களா? விடவில்லை. கண்டியில் வாசித்தார்கள், பேராதனையில் மாணவர்களுக்கு வாசித்தார்கள், கொழும்பில் குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வாசித்தார்கள். ஒரு சொல்லும் விளங்காத சிங்களப் பிள்ளைகள் தலையை ஆட்டி ரசித்தன. எல்லாச் சொல்லும் விளங்கிய சொந்தக்காரர்கள், “இது என்னப்பா கத்தல்?” என்று கேட்டார்கள். சதீஸ்குமார் கட்டாருக்குப் போய், அங்கே பொறுக்காமல் திரும்பி வந்தான். ஜீவராஜ் பகலில் ஓட்டோ ஓட்டினான். இப்படியே பத்து வருடம் போனது. அந்தப் பத்தாவது வருடத்தில் கிஷாந்தின் அப்பா சின்னராசா இறந்தார்.

அப்பாவின் தங்கை வேலாயி, அதாவது கிஷாந்தின் அத்தை, தொழிலாளர் வீட்டு வரிசைகளில் மூன்றாவது லயத்திலிருந்து தலைவிரி கோலமாக ஓடி வந்து பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் ஒப்பாரியைத் தொடங்கினாள். அத்தைக்கு அப்படி ஒரு குரல் இருப்பது கிஷாந்துக்கு அன்றைக்குத்தான் தெரியும். இஸ்தோப்புத் திண்ணையில் நின்றிருந்த அவனுக்கு அழுகை வரவில்லை. அப்பா செத்துக் கிடக்க, மகனின் மனம் சுருதி பார்த்துக்கொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து, யாருக்கும் தெரியாமல் பதிவு செய்தான்.

*அடமழையில வந்தேனே அண்ணே – நீ*
*அடுப்படிக்கும் கூப்பிடலையே*
*ரெத்தம் ஒழுக நின்னேனே – நீ*
*லாம்பத் தூக்கிப் பாக்கலையே*

புருசன் அடித்து மண்டையை உடைத்த ஒரு மழைநாளில் வேலாயி அண்ணன் வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். அண்ணன் கதவைத் திறக்கவில்லை. கட்டிக்கொடுத்த பெண் அங்கேதான் கிடக்க வேண்டும் என்பது அவர் நியாயம். இதை அவள் உயிரோடிருந்த அண்ணனிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. செத்த பிறகு, ஊரே கூடியிருந்த இடத்தில் கேட்டாள். அப்படிக் கேட்கலாம். அந்தத் தோட்டத்துப் பெண்களுக்கு மாமியாரையும் புருசனையும் கூடப் பிறந்தவனையும் வாய் நிறையக் கேள்வி கேட்க இருந்த ஒரே இடம் சாவு வீடு. என்ன கேட்டாலும் அது அங்கேயே முடிந்தது. மறுநாள் மலையில் பக்கத்து நிரையில் நின்று கொழுந்தெடுப்பவள்கூட, நேற்று நீ இப்படிப் பாடினாயே என்று வாய் திறக்க மாட்டாள். யாரும் சட்டம் போட்டு வந்த வழக்கம் இல்லை இது. எல்லாருக்கும் ஒருநாள் தேவைப்படும் என்பதால் எல்லாரும் காப்பாற்றிய வழக்கம். கிஷாந்துக்கும் இது தெரியும். லயத்தில் பிறந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

தெரிந்துதான் செய்தான். அந்த நான்கு வரியை அத்தையின் குரலிலேயே முன்னால் வைத்து, பின்னால் கிட்டாரை அலறவிட்டு, ‘லாம்பு’ என்று ஒரு பாட்டு வெளியிட்டார்கள். அதன் பிறகு அவர்களுக்கு வேறு பாட்டே தேவைப்படவில்லை. டொரண்டோவுக்குக் கூப்பிட்டார்கள், லண்டனுக்குக் கூப்பிட்டார்கள். அரிக்கன் லாம்பு படம் போட்ட டீசேர்ட் விற்றது. கடைசி வரி வரும்போது கூட்டம் முழுக்க ஃபோன் வெளிச்சத்தை உயர்த்திப் பிடிப்பது வழக்கமானது. பேட்டிகளில் அந்தக் குரல் யாருடையது என்று கேட்டால் கிஷாந்த், “எங்க தோட்டத்து அம்மா ஒருத்தங்க” என்பான். அத்தை என்று சொன்னால், கதவைத் திறக்காத அண்ணன் யார் என்ற கேள்வி அடுத்ததாக வரும். அவ்வளவு விவரம் அவனுக்கு இருந்தது.

இருபது வருட நிறைவு நிகழ்ச்சியை அட்டனில் நடத்துவது என்று முடிவானபோது, ஏற்பாட்டாளர் ஒருவருக்கு அருமையான யோசனை உதித்தது. அந்த அம்மாவையே மேடைக்குக் கூட்டி வந்து, பொன்னாடை போர்த்தி, நேரில் பாட வைத்தால் எப்படி இருக்கும்? நன்றாகத்தான் இருக்கும் என்று கிஷாந்துக்கும் பட்டது. இத்தனை வருடத்துக்கும் சேர்த்து அத்தைக்கு ஒரு மரியாதை செய்ததாகவும் இருக்கும் அல்லவா! வெட்கங்கெட்ட மனம் எதையும் அழகாகச் சோடித்துக்கொள்ளும்.

அவன் போனபோது வேலாயி மலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். அறுபது தாண்டியும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகிறாள். “என்னப்பா, திடுதிப்புன்னு? வா, உள்ளுக்கு வா” என்று அழைத்து, மகள் தனுஜாவிடம் தேத்தண்ணி ஊற்றச் சொன்னாள். கிஷாந்த் சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வந்தான்.

“அத்தே, இருவது வருச விழா வைக்கிறோம். நீங்க மேடைக்கு வந்து அதப் பாடணும். நீங்க யாருன்னு எல்லாருக்கும் தெரியணும்.”

வேலாயி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். “யாரு செத்தா?” என்றாள்.

“யாரும் சாகலத்தே. சும்மா, மேடையில...”

“ஆளு சாகாம ஒப்பாரியா? அடப் பாவி, வெளக்கு வைக்கிற நேரத்துல பேசுற பேச்சாடா இது? ஒன் புள்ளகுட்டி நல்லா இருக்க வேணாமா?” அவள் பதறி எழுந்து சாமி படத்தடியிலிருந்து விபூதியை அள்ளி வந்து, அவன் நெற்றியில் அழுத்திப் பூசினாள். மேடை மேடையாக, ஆள் சாகாமல் எத்தனை ஒப்பாரி வைத்திருக்கிறோம் என்று கிஷாந்த் நினைத்துப் பார்த்தான். முகம் சூடாகி, காதுவரை எரிந்தது.

தனுஜா வாசற்படியில் நின்றபடியே பேசினாள். “அம்மா யாருன்னு எல்லாருக்கும் தெரியும் அத்தான். அதுதான் கரச்சலே. பள்ளிக்கூடத்துப் பயலுக அம்மாவ ‘லாம்பு’ன்னுதான் கூப்பிடுறானுக. பஸ்சுல அந்தப் பாட்டுப் போட்டா அம்மா எறங்கி நடந்து வருது. பூண்டுலோயாவுல இருந்து என்னையப் பாக்க வந்தாங்கல்ல, தட்டு மாத்துற நேரத்துல, ‘இது அந்தப் பாட்டுல வர்ற வூடா?’ன்னு கேட்டாங்க. எங்கப்பா அடிச்சது, ஒங்கப்பா கதவு தொறக்காதது எல்லாம் அவங்களுக்கு மனப்பாடம். அப்புறம் எங்க வர்றது?”

“விடுடி. வந்த புள்ளையப் போயி...” என்றாள் வேலாயி.

அந்த ‘விடுடி’தான் கிஷாந்தைக் கொன்றது. சம்பந்தம் முறிந்தது அவனுக்குப் புதிதில்லை. அம்மா எப்போதோ ஃபோனில் சொல்லியிருக்கிறாள். அத்தைக்கு அந்தப் பாட்டு பெருமைதானேம்மா என்று அவன் பேச்சை மாற்றியிருக்கிறான். இப்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தான்.

“இனிமே அந்தப் பாட்ட நான் பாட மாட்டேன் அத்தே. எங்கயும் பாட மாட்டேன். சத்தியமா. நீங்க மட்டும் ஒரு தடவ வந்து பாருங்க.”

வேலாயி அவன் முகத்தையே பார்த்திருந்தாள். “எங்கண்ணன் மகன் மேடையில நிக்கிறத ஒருக்கா பாக்கணும்னு எனக்கும் ஆசைதான். எத்தன வருசமாச்சு, ஒரு தரம் வந்ததில்ல. அந்தப் பாட்டு இல்லேன்னா வர்றேன்” என்றாள்.

ஜீவராஜிடம் சொன்னபோது அவன் தலையில் அடித்துக்கொண்டான். “அது இல்லாம என்னத்தடா வாசிக்கிறது? ஒரு பாட்டுக்காரனுகடா நம்ம!” என்றான். பிறகு வேலாயியை நினைத்தானோ என்னவோ, “சரி, ஒன் இஷ்டம்” என்று அடங்கினான்.

மழைக்குப் பயந்து நிகழ்ச்சியைப் பின்னேரமே தொடங்கினார்கள். வேலாயி முன்வரிசை நாற்காலியில், மடிப்புக் கலையாத நீலச் சேலையில், தனுஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எப்போது கைதட்டுவது என்று தெரியாமல் பக்கத்தில் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். பிள்ளைக்காம்பரா காலத்துப் பாட்டுகளை வாசித்தார்கள். தேர்த் திருவிழாவில் வயரைப் பிடுங்கவைத்த அதே பாட்டையும் வாசித்தார்கள். அத்தை ஒரு தடவை தனுஜாவின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். ஒரு தவறைத் திருத்திவிட்டோம் என்ற நிம்மதியில் அவன் அன்றைக்குப் பாடியதுபோல் என்றைக்கும் பாடியதில்லை.

கடைசியில் கூட்டம் அது பாட்டுக்குக் கத்தத் தொடங்கியது. “லாம்பு! லாம்பு!”

கிஷாந்த் மைக்கின் முன்னால் வந்தான். “அந்தப் பாட்டு இன்னைக்கு இல்ல. மன்னிச்சுக்கங்க” என்றான். ஏன் என்று கேட்டு விசில் பறந்தது. ஏன் என்று அவன் எப்படிச் சொல்வான்? சொன்னால் அது இன்னொரு தடவை அத்தையை அம்பலத்தில் நிறுத்துவது.

பின்வரிசையில் யாரோ ஒருவன் ‘அடமழையில வந்தேனே’ என்று எடுத்துக் கொடுத்தான். அவ்வளவுதான். மைதானமே பாடியது. சிறுசுகள், பெரிசுகள், கொழும்பிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள், அட்டன் பஸாரில் கடையைப் பூட்டிவிட்டு வந்தவர்கள், எல்லாரும் பாடினார்கள். மூடுபனிக்குள் ஃபோன் வெளிச்சங்கள் எழுந்து அசைந்தன. வேலாயியைத் தெரிந்த தோட்டத்து ஆட்கள் மட்டும் ஒருவர் மாற்றி ஒருவர் முன்வரிசையை எட்டிப் பார்த்தார்கள்.

கிஷாந்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதுதான் வெட்கக்கேடு. இத்தனை பேர் தன் பாட்டைப் பாடுகிறார்கள் என்று ஒரு நொடி அவன் நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டாவது வரியில் ஜீவராஜின் குச்சிகள் தாளத்தில் விழுந்தன. ‘ரெத்தம் ஒழுக நின்னேனே’ என்று கூட்டம் அலறியபோது, கிட்டாரின் சத்தமும் அதில் சேர்ந்து கேட்டது. யார் வாசிக்கிறார்கள் என்று பார்த்தான். அவனேதான். அத்தனை வருடம் பழகிய விரல்கள் அவனைக் கேட்காமலே இடத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தன. நான்கு வரியையும் முடித்துவிட்டுத்தான் நின்றன.

வேலாயி எழுந்து முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். பாடிக்கொண்டே இருந்த கூட்டம், யாரோ வயசான அம்மா போகிறாள் என்று மரியாதையாக வழிவிட்டது.

அன்று இரவு கிஷாந்துக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காலையில் மூன்றாவது லயத்துக்குப் போனபோது, அத்தை இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு மலைக்குப் போகத் தயாராக நின்றாள். அவன் வாய் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

“நீ பாடலப்பா. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சொன்ன சொல்லக் காப்பாத்திட்ட.”

“அத்தே, கை தானா...”

“தெரியும். பழகுன கை.” அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். “ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காத. போன மாசம் கீழ் லயத்து அம்மாக்கண்ணு போயிட்டா. என்னா பாடு பட்டவ! அவளுக்கு ஒருத்தி வாயத் தொறந்து ஒப்பாரி வைக்கல. எவன் கையில போனு இருக்குன்னு பாத்துப் பாத்து, மொனங்கிட்டு எந்திரிச்சிட்டாளுக. ஒம் பாட்டு வந்ததுல இருந்து இங்க அப்பிடித்தான். எல்லாமே ஊமச் சாவு. நானும் அப்பிடிப் போயிரக் கூடாது தம்பி. எனக்கு நல்லா அழுவணும்.”

“நல்லா அழுவாங்கத்தே. எதுக்கு இப்ப இந்தப் பேச்சு?”

“நீ நின்னா அழ மாட்டாளுக. அதுனால நீ வராத.”

பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து மேலே விழாமல் ஒரு பெண்ணின் பிணத்தை எடுக்க மாட்டார்கள். அண்ணன் இல்லாத வேலாயிக்கு அதைப் போட வேண்டியவன் அண்ணன் மகன். கிஷாந்தை விட்டால் வேறு ஆளில்லை. அதை நினைத்துக்கொண்டுதான் அவன், “அப்ப கோடி?” என்று கேட்டான்.

“வாங்கி யாருகிட்டயாவது குடுத்து விட்டுரு” என்றாள் வேலாயி. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, அவன் கன்னத்தை ஒரு தடவை தடவிவிட்டு, மற்றப் பெண்களோடு சேர்ந்துகொள்ள வேகமாக நடந்தாள்.

“சரித்தே” என்றான் கிஷாந்த்.