சம்பளத் தாளில் சுபாஜினி

வேலை கிடைத்துவிட்டது என்றுதான் சுபாஜினி நினைத்துக்கொண்டிருந்தாள். எல்ல நகரில் புதிதாய் எழும்பிய பெரிய ஹோட்டல். அங்கே ஏசி, பிரிட்ஜ் திருத்தும் வேலை. நேர்முகம் போன வாரமே முடிந்துவிட்டது, இன்று விண்ணப்பப் பாரத்தை நிரப்பினால் சரி. அதனால்தான் அம்மா ராசம்மாவும் பெட்டியில் கிடந்த மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு, அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி மகளோடு வந்திருந்தாள். உள்ளே வரக் கூச்சப்பட்டு, வெளியே காவலாளியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

ஆள் சேர்க்கும் பொறுப்பு ஜெனீரா என்ற அம்மாளுடையது. அவர் அடையாள அட்டை இலக்கத்தைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, இதுக்கு முந்தி எங்கயும் வேலை செய்யல்லன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மிஸ். ட்ரெய்னிங் மட்டுந்தான்."

"உங்க பேர்ல தோட்டத்து ஈ.பி.எஃப். சேமலாபக் காசு ஓடுதே. பதினாறு மாசமா."

சுபாஜினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பதினாறு மாதமும் அவள் பண்டாரவளைப் பயிற்சி நிலையத்தில் இருந்தாள். விடியுமுன் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் வீடு. கொழுந்துக் கூடையை ஒரு நாள்கூடத் தொட்டதில்லை. தொட்டால் அம்மா கையை ஒடித்துவிடுவாள்.

"மலையில கொழுந்து எடுத்த அதே நாள்ல நீங்க கிளாஸ்லயும் இருந்திருக்கீங்க" என்றார் ஜெனீரா. "ரெண்டுல ஒண்ணு பொய். சர்டிபிகேட்தான் பொய்யின்னா எங்களால எடுக்க ஏலாது. பயிற்சி நிலையத்துக்கும் அறிவிக்கணும்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். தோட்டத்து ஆபீசுக்குப் பேசி வாங்கிய படத்தை ஜெனீரா தன் போனில் காட்டினார். மாதச் சம்பளத் தாள். ஒவ்வொரு மாதமும் ஒரே கையெழுத்து: 'சுபாஜினி'. இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போலக் குண்டு குண்டாக, 'ஜி' மட்டும் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கி நின்றது.

"இது நான் போட்டதில்ல மிஸ். நான் இங்கிலீசுலதான் போடுவேன். யாரோ எம்பேரத் திருடியிருக்காங்க."

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீரசிங்கத்தின் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. செக்ரோல் என்கிற வேலைப் பதிவில் பேர் ஏற்றுவது அவர் கையில்தானே. காலையில் எல்லாரும் வேலைக்குக் கூடுகிற பெரட்டுக் களத்தில் ஆளை நிறுத்தி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று ஆத்திரம் பொங்கியது. "எங்கம்மாவக் கேளுங்க மிஸ். அந்தத் தோட்டத்துல நாப்பது வருசம் வேலை செஞ்சவங்க. நான் கூடை தூக்கினேனான்னு அவங்க சொல்லட்டும்" என்று தானே எழுந்துபோய் அம்மாவை அழைத்து வந்தாள்.

ராசம்மா செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தாள். படத்தைப் பார்த்தாள். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.

"யாரும் திருடலம்மா. நான்தான்."

சுபாஜினிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் ஒவ்வொன்றாய் விளங்கியது. அறுபது வயதில் வேலைப் பதிவிலிருந்து அம்மாவின் பேரை வெட்டினார்கள். அதற்குப் பிறகு அம்மா பேர் பதியாமல், அன்றன்றைய கைக்காசுக்குத்தான் கொழுந்து எடுக்கிறாள் என்று அவள் நம்பியிருந்தாள். அப்பா இல்லாத வீடு. பேர் பதிந்த ஆள் ஒருவராவது இல்லாவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவை, அந்த ஒற்றை அறை வீட்டை, விடச் சொல்வார்கள். நிவாரணப் பாரத்துக்கு என்று அம்மா அடையாள அட்டைப் பிரதி கேட்டது இப்போதுதான் உறைத்தது. மகளைப் படிக்க அனுப்பிவிட்டு, மகளாக மலை ஏறியிருக்கிறாள்.

"ஒன் பஸ்ஸுக்குக் காசும் வேணும், காம்பராவும் வேணும்" என்றாள் ராசம்மா. "ஒனக்குத் தெரிஞ்சா படிப்ப விட்டுருவ."

ஜெனீரா லேசில் நம்புகிற ஆள் இல்லை. "புள்ளைக்காகத் தாய்மார் எதையும் சொல்வாங்க. அத்தாட்சி வேணும்" என்றார். பிறகு ராசம்மா சொல்வதாக ஒரு தாளில் எழுதி, கையெழுத்துக்கு நீட்டி வாசித்தார்: வேலை செய்தது மகள் அல்ல, நான். "இதோட பிரதி தோட்டத்துக்கும் போகும். காம்பரா மிஞ்சாது. தெரியுமா?"

"தெரியுங்க."

"அம்மா, வேணாம்" என்றாள் சுபாஜினி. பிறகு ஜெனீராவிடம் திரும்பினாள். "அவங்களுக்குக் கையெழுத்துத் தெரியாது மிஸ். கைநாட்டுத்தான்."

ராசம்மா அதற்குள் பேனாவை எடுத்துவிட்டாள். கொழுந்துக் காம்பைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் பிடித்து, மேசைமேல் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு எழுதினாள். நாலே எழுத்து. சுபாஜினி.

ஜெனீரா போனை எடுத்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். அதே குண்டு எழுத்து; அதே 'ஜி' கோட்டைத் தாண்டி இறங்கியிருந்தது.

"இது உங்க மகள்ட பேரும்மா. உங்க பேரப் போடுங்க."

ராசம்மா அப்போதுதான் தவறை உணர்ந்து வெட்கப்பட்டாள். "எம்பேரு தெரியாதுங்க. இந்தக் காலத்துச் சின்னப் புள்ள கைநாட்டு வச்சா பிடிச்சுருவாங்கன்னு கணக்கப்பிள்ளை சொன்னாரு. இவ கொப்பி அட்டையப் பாத்து இது ஒண்ணத்தான் பழகுனேன்."

ஒரே காம்பராவில் படுத்து எழும்புகிற அம்மா, தன் நோட்டுக் கொப்பியை எடுத்து எழுதிப் பழகியது அவளுக்குத் தெரியவே இல்லை. படித்தவள் என்று இத்தனை நாள் நிமிர்ந்து திரிந்ததை நினைக்க வெட்கமாக இருந்தது.

"திங்கக்கிழமை ஏழு மணிக்கு வந்துருங்க, தங்கச்சி" என்றார் ஜெனீரா. தாள் செல்லுபடியாகப் பக்கத்தில் கைநாட்டும் வேண்டும் என்று மைப்பெட்டியைத் தள்ளினார்.

சுபாஜினிதான் அம்மாவின் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தி வைத்தாள். கொழுந்துக் கறையும் வெடிப்பும் நிறைந்த விரலில் ரேகை தேய்ந்திருந்தது. மூன்று தரம் வைத்தும் வெறும் கறுப்புத்தான் விழுந்தது. அந்தத் தாளில் ராசம்மாவுக்கென்று தெளிவாக நின்றது மகளின் பேர் மட்டும்தான்.