மிளகாய்க் கிடங்கில் கல்யாணப் பொண்ணு

கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில், டயர் கடைக்கு மாடியில் பார்லர் வைத்திருக்கும் ஜெபாவுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று ஊரில் பேச்சு. பேசட்டுமே! வாயுள்ள புள்ளை பொழைக்கும் என்று சொல்லிக் கொடுத்ததும் இதே ஊர்தானே. அவள் அம்மா ரோசம்மாளுக்கு வாயில்லை. இருபது வருஷம் அடுத்தவன் கழனியில் குனிந்தே கிடந்தாள். மகள் நிமிர்ந்து நின்று, அடுத்தவர் மூஞ்சியைத் தன் பக்கம் திருப்பச் சொல்லும் வேலையைத் தேடிக்கொண்டாள்.

கார்த்திகை மாசத்தில் ஒரு நாள் போன் வந்தது. குரல் சின்னப் பொண்ணு குரல்.

"அக்கா, இன்ஸ்டாவுல உங்க ஒர்க் பாத்தேன், சூப்பரா கீது. தை மாசம் கொடைக்கானல்ல எனக்குக் கல்யாணம். மேக்கப்புக்கும் தலை அலங்காரத்துக்கும் ரெண்டு பேரைப் பாத்து வச்சிகீறேன். ஒருத்தர் அண்ணா நகர், இன்னொருத்தர் நீங்க. ஊட்டுக்கு வர முடியுமா?"

ஜெபா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டாள். மலைக்கல்யாணம்! நாலு வருஷமாய் மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி மண்டபங்களையே சுற்றிக்கொண்டிருந்தாள். மலையில் ஒரு கல்யாணம் கைக்கு வந்துவிட்டால் போதும், அதன் படங்கள் ஊர் ஊராய்ப் போகும். "கவரைப்பேட்டையா? அது எங்க கீது?" என்று அப்புறம் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். ஜெபா, கவரைப்பேட்டை. பேர் அப்படியே போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

"அட்ரஸ் சொல்லும்மா."

சொன்னாள். பூவராகவன் வீடு. ரோசம்மாள் நாற்று நட்டது அந்த வீட்டுக் கழனியில்தான். அந்தப் பொண்ணுக்குப் பாவம், இது தெரியாது. இன்ஸ்டாவில் மூஞ்சிகள்தான் இருக்கும். யார் எந்தத் தெரு என்று எழுதியா இருக்கும்?

ரோசம்மாள் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "வேணாண்டி. அங்க போயி கையக் கட்டிக்கினுதான் நிக்கணும்."

"கையக் கட்டிக்கினா எப்டிம்மா மேக்கப் போடறது?" என்று கேட்டுவிட்டு ஜெபா பெட்டியைத் தூசி தட்டினாள்.

பூவராகவன் வீட்டு வாசலில் அவர் தங்கை ஜோதிலட்சுமி நின்றிருந்தாள். போன் பண்ணிய கல்யாணப் பொண்ணு, தாயில்லாத திலகவதியை வளர்த்தது இந்த அத்தைதான். வீட்டில் உப்பு முதல் உறவு வரை அவள் சொல்தான் எடுபடும். ஜெபாவை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏ பொண்ணு, நீ ரோசம்மா பொண்ணுல்ல?"

"ஆமா ஆன்ட்டி. பேரு ஜெபா."

அந்த வீட்டு வாசலில் காலனிக்காரி ஒருத்தி ஆன்ட்டி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். ஜோதிலட்சுமிக்கு எங்கேயோ மிதித்த மாதிரி இருந்திருக்கும். "பின்னாடி சுத்தி வா," என்றாள்.

"பெட்டியில சக்கரம் கீது ஆன்ட்டி. மாட்டுக்கொட்டாய் சேத்துல உருளாது."

அதற்குள் திலகவதி ஓடி வந்து, "அக்கா, வாங்க வாங்க," என்று பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து முன்வாசல் வழியாகவே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அத்தை முகம் சுண்டிப்போனது.

உள்ளே, அண்ணா நகர் அம்மா முந்தின நாள் போட்டுவிட்ட மேக்கப்பைத் திலகவதி போனில் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் ஏசி ரூமில் எடுத்த படம்.

"தை மாசம் விடியக்காலையில கொடைக்கானல்ல புல்வெளியில நிக்கப்போற. குளுருல தோலு வறண்டு இழுக்கும், பவுடரு பாளம் பாளமா வெடிக்கும். அந்தம்மா அதப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இவ பெருசா மலையக் கண்டவ!" என்று ஜோதிலட்சுமி குறுக்கே பாய்ந்தாள். "திலகா, இவ இறால் கம்பெனியில பொட்டலம் கட்டிக்கினு இருந்தவடி. கிட்ட போனா இன்னும் கவுச்சி அடிக்கும்."

திலகவதி கூசிப்போனாள். ஜெபா கூசவில்லை.

"மலைய நான் கண்டதில்ல ஆன்ட்டி. குளுரக் கண்டுகீறேன். ஆறு வருஷம், தெனம் எட்டு மணி நேரம், ரெண்டு டிகிரி. பூ வைக்கக் கூடாது, வளையல் கூடாது, கண்ணுல மை இருந்தா கேட்லயே தொடச்சி உட்ருவான். இருபது பொம்பளைங்க நின்னோம், இருபது பேரு தோலும் இருபது மாதிரி வெடிச்சிது. எதத் தடவுனா தாங்கும், எது தாங்காதுன்னு எந்தக் கோர்ஸும் எனக்குச் சொல்லித் தரல. கவுச்சிதான் சொல்லிக் குடுத்துது."

பிறகு திலகவதி பக்கம் திரும்பினாள். "ஞாயித்துக்கெழம அந்தம்மாகிட்டப் போயி முழு மேக்கப் போட்டுக்கினு நேரா கும்மிடிப்பூண்டி வா. பாதி மூஞ்சிய அவங்களுக்கு உட்டுட்றேன், பாதிய நான் எடுத்துக்கறேன். எது நிக்குதோ அதக் கூட்டிக்கினு மலையேறு."

ஞாயிற்றுக்கிழமை அத்தையும் கூடவே வந்து இறங்கினாள். வந்த இடம் புளியும் மிளகாயும் மூட்டை மூட்டையாய் அடுக்கி வைக்கிற குளிர்க்கிடங்கு. ஜெபாவோடு இறால் கம்பெனியில் நின்ற மெர்சிதான் இப்போது அங்கே சூப்பர்வைசர். முதலாளியிடம் கேட்டு ஒரு மணி நேரம் வாங்கி வைத்திருந்தாள்.

மெர்சியின் ஆபீஸ் ரூமில் திலகவதியை உட்காரவைத்து, இடது பாதியைத் துடைத்தெடுத்தாள் ஜெபா. ஒரு சொட்டு விளக்கெண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்துக் கன்னத்தில் ஒற்றினாள். வெந்நீர்ச் சொம்பில் மிதக்கவிட்டிருந்த கிரீமை எடுத்து மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு. பவுடரைத் தொடவே இல்லை. கடைசியில் உதட்டுக்குச் சாயம் வைத்துவிட்டு, "எங்க, மாமா பாப்பான்னு சொல்லு," என்றாள்.

"எதுக்குக்கா?"

"ரெண்டு உதடும் ஒட்டிப் பிரியணும். ஒட்டிப் பிரிஞ்சும் கலரு அங்கயே நின்னாத்தான் நின்னுதுன்னு அர்த்தம்."

"மாமா, பாப்பா," என்று சொல்லிவிட்டுத் திலகவதி சிரித்தாள்.

கம்பளிக்கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். நாலு டிகிரி. கல்யாணப் பொண்ணு ஒரு மிளகாய் மூட்டைமேல், அத்தை இன்னொரு மூட்டைமேல். அத்தைக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. ஒன்றா ரெண்டா, பதினோரு தும்மல்! "இன்னாடி பேஜாரு இது," என்று மூக்கைத் துடைத்தாளே தவிர எழுந்து போகவில்லை. முடிவைப் பார்க்காமல் போனால் தூக்கம் வராதே அவளுக்கு.

முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, வெளிச்சத்தில் திலகவதி முன்னால் மெர்சி கண்ணாடியைப் பிடித்தாள். வலது கன்னத்தில் சிரிப்புக்கோடு நெடுக வெடிப்பு. மூக்கோரத்தில் செதில் செதிலாய் எழும்பியிருந்தது. இடது கன்னம் போட்டது போட்டபடி. திலகவதி இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, பாருங்களேன்!"

அத்தை பார்த்தாள். நெருங்கி வந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கண்ணால் கண்டதை இல்லை என்று எப்படிச் சொல்வது?

"சரி, வேல தெரியுது," என்றாள். "இந்தப் பொண்ணே வரட்டும். ஆனா ஒண்ணு. மாப்பிள்ள ஊட்டுக்காரங்க வேலூர்ல பெரிய எடம். யாராச்சும் கேட்டா அண்ணா நகர்லேந்து வந்துகீற பிரியான்னு சொல்லிக்கலாம். காலனிலேந்து ஆள் கூட்டியாந்து பொண்ணுக்குத் தலை வாரிவுட்டாங்கன்னு நாளைக்கி நாலு பேரு பேசக்கூடாது பாரு. பேருல இன்னா கீது?"

மெர்சி ஜெபாவின் முதுகில் கை வைத்தாள். அடக்கிக்கோ என்று அர்த்தம். எங்கே அடங்குவது? உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"பேருல ஒண்ணியும் இல்லன்னா உங்க பேர மாத்திக்கங்க ஆன்ட்டி. எங்க காலனிப் பேரா ஞானம்மான்னு வச்சிக்கங்க, நல்லாத்தான் இருக்கும். கம்பெனியில ஆறு வருஷம் நானு வெறும் டோக்கன் நம்பரு. எங்கம்மா உங்க ஊட்டுல இருபது வருஷம் 'ஏ புள்ள'. மலைக்கி வந்தா ஜெபாவா வரேன். இல்லன்னா எனக்கு மலையும் வேணாம், மடுவும் வேணாம்."

சொல்லிவிட்டுத் திலகவதியைப் பார்த்தாள். திலகவதி தலையைக் குனிந்துகொண்டு புடவை நுனியைத் திருகினாள். அத்தை சொன்னதைவிட அந்த மௌனம்தான் ஜெபாவுக்கு வலித்தது. பெட்டியை மூடி, சக்கரம் கடகடக்க இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். யூனிட் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். நாலு வருஷ ஆசை, கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனால் அழுகை வராதா? ஆனால் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

நாலாம் நாள் திலகவதி கூப்பிட்டாள். "அக்கா, அன்னிக்கி வாயத் தொறக்காம நின்னுட்டேன், தப்புதான். மூணு நாளா ஊட்டுல சண்ட. நீங்க ஜெபாவாவே வாங்க. அத்தை சரின்னுட்டாங்க."

அத்தை சரி என்றது எந்தச் சரி என்று தை மாசம்தான் தெரிந்தது.

கொடைக்கானலில் முகூர்த்தம் ஏழரைக்கு. முந்தின நாளே ஜெபா அத்தையிடம் வலியப் போய், "காலையில நீங்களும் வந்து உக்காருங்க ஆன்ட்டி, குளுரு உங்களுக்கு ஆவாது," என்று சொன்னாள். "எம்மூஞ்சிய எனக்குப் பாத்துக்கத் தெரியும்," என்றாள் ஜோதிலட்சுமி.

விடிகிற நேரத்தில் பொண்ணு ரூமில் வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. ஜெபாவுக்குத் துணையாய்ப் புடவை கட்டிவிட வந்திருந்த மெர்சி மடிப்பைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள். திலகவதி கண்ணை மூடியிருக்க, ஜெபா இமையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். பாதி திறந்த கதவுக்கு வெளியே மாப்பிள்ளையின் அம்மா குரல் கேட்டது.

"பொண்ணு மூஞ்சி இந்தக் குளுருலயும் இன்னா களையா கீது! யாருங்க மேக்கப்?"

"அண்ணா நகர்ல பெரிய பார்லருங்க," என்றது ஜோதிலட்சுமியின் குரல். "நாங்க எப்பவும் அங்கதான்."

மெர்சி நிமிர்ந்து பார்த்தாள். திலகவதியின் இமை துடித்தது. "அக்கா..."

"கண்ணத் தொறக்காத. மை ஈரமா கீது."

மலைவரைக்கும் வந்து, வேலையையும் செய்து முடித்து, கடைசியில் பேரை வாசலிலேயே திருடிவிட்டார்களே! ஆனாலும் கை நடுங்கவில்லை. ரெண்டு டிகிரியில் நடுங்காத கை அது. ஜெபா கோட்டை நேராக முடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஜோதிலட்சுமியே சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள். சால்வையை எடுத்தால், கீழ் உதடு நடுவில் வெடித்து ரத்தம். காய்ந்த உதட்டின்மேல் பவுடர் மாதிரி ஒரு லிப்ஸ்டிக்கை அப்பியிருந்தாள். குளிர் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. வெளியே போட்டோகிராபர் குடும்பப் படத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏ பொண்ணு, இதுக்கு ஏதாச்சும் கீதா?"

அண்ணா நகருக்குப் போங்க ஆன்ட்டி என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ரத்தம் ரத்தம்தானே. "உக்காருங்க," என்றாள்.

ஜோதிலட்சுமியின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். ரோசம்மாள் பெற்ற மகளின் விரல் அந்த வீட்டு அம்மாவின் முகத்தில் பட்டது. மலை ஒன்றும் இடிந்து விழவில்லை. வெந்நீர்ப் பஞ்சால் துடைத்து, விளக்கெண்ணெய் ஒற்றி, வெடிப்பு சேரும்படி இரண்டு விரலால் உதட்டைப் பிடித்துக்கொண்டு சாயத்தை எடுத்தபோது, மாப்பிள்ளையின் அம்மா போனும் கையுமாக உள்ளே வந்தாள்.

"அண்ணா நகர் மேடம் நீங்கதானா? எங்க சின்னவளுக்கு ஆவணியில ஊட்டியில கல்யாணம். நம்பர் குடுங்களேன்."

ஜோதிலட்சுமி என்னவோ சொல்லத் துடித்தாள். "ம்ம், ம்ம்" என்றுதான் வந்தது.

"உதட்ட அசைக்காதீங்க ஆன்ட்டி, மறுபடி பிரிஞ்சிக்கும். நானே சொல்லிடறேன்." ஜெபா திரும்பினாள். சொன்னால் ஆவணிக் கல்யாணம் போனாலும் போகும் என்று தெரியும். போகட்டும் என்று துணிந்து சொன்னாள். "நான் அண்ணா நகர் இல்லீங்க. கவரைப்பேட்டை. எங்கம்மா ரோசம்மா, இவங்க கழனியில இருபது வருஷம் நாத்து நட்டவங்க. நாங்க காலனி. நம்பர் சொல்றேன், வேணும்னா எழுதிக்கங்க."

மாப்பிள்ளையின் அம்மா போனைப் பார்த்தாள், திலகவதியின் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் ஜோதிலட்சுமியைப் பார்த்தாள். "அப்டீங்களா?"

ஜெபா உதட்டில் கடைசிக் கோட்டை இழுத்து முடித்துக் கையை எடுத்தாள்.

"இப்பப் பேசலாம் ஆன்ட்டி. கலரு நிக்குதான்னு பாக்கணும். ரெண்டு உதடும் ஒட்டிப் பிரியற மாதிரி ஒரு வார்த்த சொல்லுங்க. வேற எதுவும் தோணலன்னா என் பேரயே சொல்லுங்க."

கண்ணாடியில் ஜோதிலட்சுமிக்குப் பின்னால் முகூர்த்தப் புடவையில் திலகவதி நின்றிருந்தாள். "சொல்லுங்க அத்தை," என்றாள். "நீங்க சொன்னப்புறம்தான் நான் மணவறைக்கு வருவேன்."

"ஜெபா," என்றாள் ஜோதிலட்சுமி.

"சரியாத் தெரியல. இன்னொரு வாட்டி."

"ஜெபா."

கலர் நின்றிருந்தது.